கொலைகாரன் பெயர் எனக்குத் தெரியும்

கொலைகாரன் யாரென்று எனக்குத் தெரியும்.
ஒரு வருடமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

போன ஈஸ்டருக்கு மலைக்குடிலில்,
நார்வேயே துப்பறியும் கதை படிக்கும் அந்த வாரத்தில்,
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஆரஞ்சுத் தோலை அடையாளம் வைத்து
புத்தகத்தை மூடினான் என் அண்ணன் ஹால்வார்.
அச்சு சரியில்லை என்றான்.
அச்சு சரியாகத்தான் இருந்தது.

பார்வையின் நடுவே ஒரு சாம்பல் நிறக் காசு.
எதைப் பார்க்கிறானோ அதன்மேல் போய் உட்காரும்.
என்னைப் பார்த்தால் காதுகள் உண்டு, முகம் இல்லை.
கடிகாரத்தைப் பார்த்தால்
சுவர் மட்டும் மணி காட்டும்.
கண்ணுக்குள்ளேயே ஊசி போட்ட டாக்டர்
இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்,
வங்கி மேலாளர் போல.

நான் வாசித்துக் காட்டட்டுமா என்றேன்.
வேண்டாம், நீ முடிவு தெரிந்தவள்,
அவன் உள்ளே வரும்போதெல்லாம் மூச்சை இழுப்பாய்.
ஒலிநூல் வாங்கினோம்.
கேட்டபடி தூங்கிவிடுவான்;
விழிக்கும்போது
வேறு யாரோ செத்துக் கிடப்பார்கள்.

ஆகவே பூடோ நகரம், ஆலங்கட்டி மழை,
சாமான் கடையின் இரண்டாம் மாடி.
யோரூன் என்று சட்டையில் பெயர் குத்திய பெண்
மேசையில் மூன்றைப் பரப்பினாள்.

முதலாவது பளீரென்று எரிந்தது.
எதிர்ப்படகு முகத்தில் விளக்கடிக்கிறது என்று
கண்ணைத் துடைத்துக்கொண்டான்.
கறுப்பில் வெள்ளையாக மாற்றிக் கொடுத்தாள்.
பரவாயில்லை. ஆனாலும் துடைத்தான்.

இரண்டாவது வெற்றிலை போல மெலிசு.
பொத்தானே கிடையாது, தொட்டால் போதும்.
எங்கே தொட? தொட்டான்.
அகராதி திறந்தது. இன்னொரு முறை தொட்டான்,
எல்லாம் ஃபின்னிஷ் ஆகிவிட்டது.

மூன்றாவது தடிமன், விலையும் தடிமன்,
ஓரத்தில் மட்டும் இரண்டு பொத்தான்கள்.
கண்ணுக்கு முன் கட்டைவிரல் கண்டுகொண்டது.

இது பேசவும் செய்யும் என்று யோரூன் அமுக்க,
ஆஸ்லோக்காரி ஒருத்தி அழகாகப் பேசினாள்.
பிணத்துக்குப் பக்கத்தில் நின்று
வானிலை வாசிக்கிறாள் என்றான் ஹால்வார்.
வாயை அடைத்தோம்.

பிறகு எழுத்தைப் பெரிதாக்கினாள்.
இன்னும். இன்னும் கொஞ்சம்.
திரைக்கு மூன்று சொல் என்று ஆனபோது
தலையைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினான்.
காசு எட்டாத இடம் அங்கேதான்.
கடைக்கண்ணால் பார்த்தான்,
பெண்ணை அல்ல,
அவள் கையிலிருந்த மூன்று சொற்களை.
அவள்தான் கொஞ்சம் சிவந்தாள்.

எந்தப் பக்கத்தில் விட்டீர்கள்?
இருநூற்றுப் பன்னிரண்டு.
அப்படியொரு பக்கம் இப்போது அங்கே இல்லை;
இந்த எழுத்துக்குப் புத்தகம்
ஒன்பதாயிரம் பக்கம் வீங்கியிருந்தது.
நினைவிலிருந்து ஒரு வரி சொன்னான்:
படகுத் துறையில் மறுபடி பனி.
தேடிப் பிடித்துக் கொடுத்தாள்.

டக்.
கதவைத் திறந்தது
டக்.
அவள் எதிர்பார்த்த ஆள்
டக்.
அல்ல.

ஒரே சொல். திரை முழுக்க.
கடை அடங்கிவிட்டது போல இருந்தது,
கீழே யாரோ வாஷிங் மெஷினுக்குப் பேரம் பேசியும்.

அந்த வரியை நானும் படித்தவள்தான்.
அரை நொடியில் தாண்டிப் போயிருப்பேன்.
அங்கே ஒரு அல்ல இருந்தது
எனக்கு ஞாபகமே இல்லை.

பெட்டி வேண்டாம், உறை வேண்டாம், ரசீது மட்டும் என்றான்.
காரில் நான் வாய் திறக்கப் போக,
கையை உயர்த்தினான், பேசாதே.

வைப்பரின் சத்தம்.
டக்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
டக்.

கொலைகாரன் யாரென்று தெரியும் என்றேனே,
இப்போது சற்றுக் குழப்பம்.
வீட்டுத் திருப்பத்தை விட்டுவிட்டு
ரவுண்டானாவை
இன்னொரு சுற்று சுற்றினேன்.